பின்னோக்கி உருளும் சைக்கிளும் ஹப்பின் வெற்றோட்டமும்

சாதாரண சைக்கிளைப் பின்னோக்கித் தள்ளினால் மிதிகட்டைகளும் பின்னோக்கிச் சுழல்வதை யாவரும் கண்டிருப்பர். பின்சக்கரத்தின் பிரீவீலிலுள்ள பற்றுநாக்குகள் பல்லைப் பிடித்துக்கொள்வதே இதற்குக் காரணம். அன்றாடப் பயணத்திற்கு இதனால் இடையூறு இல்லை. ஆயின், 1970களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் தோன்றிய பி.எம்.எக்ஸ். சைக்கிளில் வித்தை பயில்வோர் பல வேளைகளில் பின்னோக்கி உருள நேரிடும். அப்போது மிதிகட்டை காலை உதைக்காதிருக்கும்பொருட்டு அமைந்ததே பிரீகோஸ்டர் என்னும் பின் ஹப் ஆகும். வித்தைச் சைக்கிள் போட்டி 2021ஆம் ஆண்டு டோக்கியோவில் நடைபெற்ற ஒலிம்பிக் பந்தயங்களிலும் இடம்பெற்றது.

அமைப்பு

இந்த ஹப்பில் பற்றுநாக்குகள் இல்லை. பின் பல்சக்கரத்துடன் இணைந்த உருளையின்மேல் அகன்ற திருகுப்புரி வெட்டப்பட்டிருக்கும். அப்புரியில் கூம்பு வடிவான கிளட்ச் ஒன்று நகரும். முன்னோக்கி மிதித்தால் கிளட்ச் பக்கவாட்டில் நகர்ந்து ஹப்பின் உட்சுவரை இறுகப் பற்றும், சக்கரம் சுழலும். சற்றே பின்னோக்கி மிதித்தால் கிளட்ச் விலகும். சக்கரம் எத்திசையிலும் தடையின்றி உருளும். கிளட்ச் உருளையோடு வீணே சுழலாமல் புரிவழியே நகர்வதற்கு, ஒரு ஸ்பிரிங் அதனைச் சிறிதளவு உராய்வினால் பிடித்து நிறுத்துகிறது.

விலகிய கிளட்ச் மீண்டும் பற்றும்வரை மிதிகட்டை பயனின்றி நகரும் தூரத்தையே இங்கு வெற்றோட்டம் என்கிறோம். இது முற்றிலும் குறையன்று, ஓரளவு தேவையானதே. மிகுந்தால், ஓட்டுபவர் விசையுடன் மிதிக்கும்போது கால் வெறுமையில் இறங்கி நிலை தடுமாறுவார். மிகக் குறைந்தால், பின்னோக்கி உருளும்போது கால் சிறிது அசைந்தாலும் கிளட்ச் பற்றி, மிதிகட்டை திடீரெனப் பின்னே சுழன்று அவரை வீழ்த்தும்.

அளவிடும் முறை

ஒருவர் பின்சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றொருவர் மிதிகட்டையைக் கால் சுற்றுப் பின்னே கொணர்ந்து, பிறகு மெதுவாக முன்னே தள்ளி, தடை தோன்றும் வரை அதன் அச்சு நகர்ந்த வளைவின் நீளத்தை நாடாவினால் அளக்க வேண்டும். இதனைக் குறைந்தது ஐந்து முறை செய்து எழுதிக்கொள்க.

கணக்கும் எளிதே. புரியிடைத் தூரம் 20 மி.மீ., கிளட்சின் இடைவெளி 5 மி.மீ. என்று கொள்வோம். பின் பல்சக்கரம் கால் சுற்று, அதாவது 90 டிகிரி, வீணே சுழலும். முன் பல்சக்கரத்தில் 25 பற்களும் பின்னதில் 9 பற்களும் இருப்பின், கிராங்க் நகர்வது 90 × 9/25, அதாவது ஏறத்தாழ 32 டிகிரி. 175 மி.மீ. நீளமுள்ள கிராங்கின் முனையில் இது சுமார் 100 மி.மீ. ஆகும்.

காரணம் அறிதல்

வாஷர் இடுவதற்கு முன் மூன்றினை ஆராய வேண்டும். முதலாவது, செயின் தொய்ந்திருந்தால் அதுவும் வெற்றோட்டத்தைக் கூட்டிக் காட்டும். அதனை முதலில் இறுக்குக. இரண்டாவது, சக்கரம் பக்கவாட்டில் ஆடினால் பேரிங்குகளைச் சரிசெய்க. மூன்றாவது, எழுதிவைத்த அளவுகளை ஒப்பிடுக. ஐந்தும் ஏறத்தாழ ஒன்றாயிருந்து மிகுதியாகவும் இருந்தால், குறை இடைவெளியில் உள்ளது. ஒரு முறை 60, மறுமுறை 140 என மாறினாலோ, சில வேளை கிளட்ச் பற்றாமலே போனாலோ, குறை பெரும்பாலும் ஸ்பிரிங்கில் அல்லது கெட்டியான கிரீஸில் உள்ளது. இக்குறையை வாஷர் தீர்க்காது.

சரிசெய்தல்

சில ஹப்புகளில் வெற்றோட்டத்தை மாற்றுவதற்கெனத் திருகு ஒன்று உண்டு; அத்தகையவற்றில் தயாரிப்பாளரின் குறிப்பைப் பின்பற்றுக. ஏனையவற்றில் சக்கரத்தைக் கழற்றி ஹப்பைப் பிரித்து, உறுப்புகளை அகற்றிய வரிசையிலேயே துணியின்மேல் வைக்க வேண்டும். கிளட்சையும் புரியையும் மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்துக. கிளட்சின் பற்றும் முகம் தேய்ந்து வழவழப்பாகியிருந்தாலோ, ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ புதிது இடுக. பின்னர், கிளட்ச் பின்வாங்கி நிற்கும் இடத்தில் அந்த ஹப்பிற்குரிய வாஷரைச் சேர்க்க வேண்டும். மேற்கூறிய கணக்கின்படி 1 மி.மீ. வாஷர் மிதிகட்டையில் சுமார் 20 மி.மீ. குறைக்கும். ஆகவே மெல்லிய வாஷரை ஒவ்வொன்றாக இட்டு, ஒவ்வொரு முறையும் அளந்து பார்ப்பதே முறை. புரியில் மெல்லிய எண்ணெய் சில துளிகள் போதும்.

இறுதிச் சோதனை

ஓட்டுவதற்கு முன், மிதிகட்டையைச் சிறிது பின்னே தள்ளிவிட்டு, சைக்கிளைக் கையினால் பின்னோக்கி உருட்டுக. மிதிகட்டைகள் அசையாது நிற்க வேண்டும். பிறகு, உருளும்போதே மிதிகட்டையைச் சிறிது முன்னே நகர்த்திப் பார்க்க. அப்போதும் கிளட்ச் பற்றலாகாது. பற்றினால் இறுதியாக இட்ட வாஷரை அகற்றிவிட வேண்டும். வெற்றோட்டம் அறவே இல்லாத பிரீகோஸ்டர், பிரீகோஸ்டரே அன்று.

திருகு அளவியில் பின்னடைவுப் பிழையைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், அதே தத்துவம் இங்குப் பயன் தருவதை மாணவர்க்கு எடுத்துக் காட்டலாம். அங்கு நாம் விலக்க முயலும் இடைவெளியே இங்கு ஓட்டுபவரைக் காக்கிறது. எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை அளந்தே முடிவு செய்தல் வேண்டும்.