விளையாட்டும் நற்குணமும்

அஸர் தொழுகைக்குப் பின் தியாகராய நகர் சோமசுந்தரம் மைதானத்தின் பக்கம் சென்றால், ஒரே திடலில் பல ஆட்டங்கள் நடப்பதைக் காணலாம். மயிலாப்பூர்த் தெருக்களிலும் அடையாறு பக்கத்துக் கடற்கரை மணலிலும் இதே காட்சிதான். பிள்ளைகள் ஓடியாடுவது கண்டு நாம் மகிழ்கிறோம். ஆனால் மஃரிபுக்கு வீடு திரும்பும் பிள்ளையிடம் நாம் முதலில் கேட்பது என்ன? "ஜெயித்தாயா?" என்பதுதான். "யார் மனதையாவது நோகடித்தாயா?" என்று கேட்கிறோமா?

போட்டியே கூடாது என்பது மார்க்கத்தின் கருத்தன்று. அண்ணல் நபி (ஸல்) அவர்களே மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். இப்னு உமர் (ரலி) அவர்களும் அதில் கலந்து கொண்டார்கள். பந்தயத்திற்கெனப் பழக்கப்பட்ட குதிரைகளுக்கு நீண்ட தூரமும், மற்றவற்றுக்குக் குறைந்த தூரமும் வகுக்கப்பட்டன. வலியதோடு எளியதை மோத விடுவது போட்டியாகாது என்னும் பாடம் இதில் நமக்குக் கிடைக்கிறது. பத்து வயதுச் சிறுவனுக்குப் பதினைந்து வயதுப் பையன் முழு வேகத்தில் பந்து வீசி, அவன் தடுமாறுவதைக் கண்டு சிரித்தால், அது வீரமா?

இனி, தோல்வியைப் பார்ப்போம். பெருமானாரின் 'அள்பா' என்னும் ஒட்டகத்தை எதுவும் முந்தியதில்லை. ஒருநாள் கிராமவாசி ஒருவர் தம் இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். ஸஹாபாக்களின் முகம் வாடியது. நபி (ஸல்) அவர்களோ கோபப்படவில்லை. உலகில் உயர்ந்த எதையும் அல்லாஹ் ஒருநாள் தாழ்த்தவே செய்வான் என்று உணர்த்தினார்கள். ஜெயித்தவரை யாரும் ஏசவுமில்லை.

நம் சென்னையும் இத்தகைய பண்பை ஒருமுறை காட்டியதுண்டு. 1999 ஜனவரி 31. சேப்பாக்கம் மைதானத்தில் இந்தியா-பாகிஸ்தான் டெஸ்ட். வெற்றிக்கு வேண்டியது 271 ஓட்டங்கள். முதுகுவலியோடு ஆடிய டெண்டுல்கர் 136 எடுத்து ஆட்டமிழந்தபோது, தேவை 17 மட்டுமே. எஞ்சிய மூன்று விக்கெட்டுகளும் 4 ஓட்டங்களுக்குள் வீழ்ந்தன. இந்தியா 12 ஓட்டங்களில் தோற்றது. அரங்கம் உறைந்து நின்றது. பிறகு மக்கள் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டினார்கள். அந்த அணியும் மைதானத்தைச் சுற்றி வந்து அந்த அன்பை ஏற்றுக்கொண்டது. கைதட்டியவர்களுக்குத் தம் அணி ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை இல்லாமலில்லை. அந்த ஆசையோடு நியாயமும் அவர்கள் நெஞ்சில் இருந்தது.

பெற்றோர்களே! இந்நியாயம் வீட்டில்தான் வளரும். தோற்று வந்த பிள்ளையை அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு ஏசாதீர்கள். அந்த ஏச்சுதான் மறுநாள் மைதானத்தில் பொய்யாகவும் கைகலப்பாகவும் வெளிப்படுகிறது. ஜெயித்து வந்தவனிடம், தோற்றவனுக்குக் கை கொடுத்தாயா என்று கேளுங்கள். கேலியும் பட்டப்பெயரும் கூடாது என்று அல்ஹுஜுராத் அத்தியாயம் கண்டித்திருப்பதை எடுத்துச் சொல்லுங்கள். ஆட்டத்திலும் அது பொருந்தும்.

பிறரை வீழ்த்துபவன் அல்லன், கோபத்தில் தன்னை அடக்குபவனே பலசாலி என்பது நபிகளாரின் போதனை. கோப்பை அலமாரியில் தூசி படியும். இழந்த நட்போ எளிதில் திரும்பாது.

நம் பிள்ளைகளுக்கு உடல் வலிமையோடு உள்ளத் தூய்மையையும் வல்ல ரஹ்மான் தந்தருள்வானாக! ஆமீன்.