மீன் வரையும் தம்பிக்கு



நீ அனுப்பிய படங்கள் வந்து சேர்ந்தன. கை நன்றாக ஓடுகிறது. நீர்வண்ணம் உன் சொல்லைக் கேட்கிறது. உன் வயதில் அது பெரிய விஷயம். உலகத்து விசித்திர மீன்களைத் தொகுத்துப் புத்தகமாகப் போடப் போவதாகவும், குறை இருந்தால் தயங்காமல் சொல்லும்படியும் எழுதியிருக்கிறாய். குறை ஒன்றே ஒன்றுதான், ஆனால் எல்லாப் படத்திலும் இருக்கிறது. மீனைப் பற்றி ஊர் பேசுகிற பேச்சைத்தான் நீ வரைந்திருக்கிறாய். மீன் அதற்குள் எங்கோ ஒளிந்துகொண்டிருக்கிறது.

முதல் படத்தையே எடுத்துக்கொள். பிளாப் மீன். இளஞ்சிவப்பில் சரிந்து கிடக்கும் உடம்பு, தொங்கும் மூக்கு, அழப்போகிறவனின் வாய். இந்த முகம் எங்கிருந்து வந்தது என்று விசாரித்தாயா? 2003-இல் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் இடைப்பட்ட கடலில் ஆய்வாளர்கள் போன ஒரு பயணத்தில், இழுவலையில் ஏறி வந்த ஒரே ஒரு மீனின் புகைப்படம் அது. ஆயிரம் மீட்டருக்கும் கீழே வாழ்கிற மீன். அங்கே அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப்போல நூறு மடங்குக்கும் மேல். அதற்குக் காற்றுப்பை கிடையாது. கூழ் போன்ற சதைதான் அதை மிதக்க வைக்கிறது. சுற்றியிருக்கும் நீர் அந்த உருவத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. வலையில் மற்ற மீன்களோடு உருண்டு, தோல் உரசி, மேலே வந்து தட்டில் விழுந்தால் தாங்கலெல்லாம் போய்ச் சரிந்துவிடுகிறது. கடலடியில் அது பெரிய தலையும் ஒடுங்கிய வாலுமாகச் சும்மா கிடக்கிற மீன், அவ்வளவுதான். 2013-இல் பிரிட்டனில் ஓர் அமைப்பு வாக்கெடுப்பு நடத்தி, உலகிலேயே அவலட்சணமான விலங்கு என்று அதற்குப் பட்டம் கொடுத்தது. பிணத்துக்குக் கொடுத்த பட்டம் அது.

அதே படத்தில் வாயோரம் மஞ்சளாக ஒன்று ஒட்டியிருக்கும். நீ அதை எச்சில் ஒழுகுவதாக வரைந்திருக்கிறாய். அது ஒட்டுண்ணி, தம்பி. கோபிபாட் வகையைச் சேர்ந்த ஓர் உயிர், மீனின் வாயைப் பற்றிப் பிழைக்கிறது. புகைப்படத்தைப் பெரிதாக்கி ஒரு நிமிடம் பார்த்திருந்தாலே சந்தேகம் வந்திருக்கும்.

இரண்டாவது படமும் அப்படியே. கண்ணாடித் தலை மீன் என்று தலைப்புக் கொடுத்து, வாய்க்கு மேலே சோகமாக இரண்டு கண் போட்டிருக்கிறாய். அவை மூக்குத் துவாரங்கள். உண்மையான கண்கள் உள்ளே, ஒளி ஊடுருவும் கூட்டுக்குள், பச்சை நிறத்தில் குழாய் போல மேல்நோக்கி நிற்கின்றன. மாக்ரோபின்னா என்னும் இந்த மீனுக்கு 1939-இல் அறிவியல் பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் அதன் தலைமேல் கண்ணாடிக் கவசம் இருப்பது வெகுகாலம் தெரியவில்லை. காரணம் எளிது: வலையில் வரும்போதே அது சிதைந்துவிடும். கலிஃபோர்னியாவில் மான்டெரே விரிகுடா ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த புரூஸ் ராபிசனும் கிம் ரைசன்பிக்லரும் ஆளில்லாக் கலத்தை அறுநூறு, எழுநூறு மீட்டர் ஆழத்துக்கு அனுப்பிப் படமெடுத்தார்கள். ஒன்றை உயிரோடு மேலே கொண்டுவந்து கப்பலிலேயே தொட்டியில் விட்டும் பார்த்தார்கள். கண்கள் மேலிருந்து முன்பக்கமாகச் சுழல்கின்றன என்பதை 2008-இல் அவர்கள் எழுதிய பிறகுதான் உலகம் அறிந்தது. முன்பு வரைந்தவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. கண்முன் இருந்ததை அவர்கள் ஒழுங்காக வரைந்தார்கள். உன் முன்னால் வீடியோவே இருக்கிறது.

இதெல்லாம் கிடக்கட்டும், ஓவியம் என்றால் கற்பனை வேண்டாமா என்று நீ கேட்பாய். அம்போன் தீவின் கதையைச் சொல்கிறேன்.

இன்றைய இந்தோனேசியாவில் இருக்கும் அம்போனில், பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சாமுவேல் ஃபாலூர்ஸ் என்றொருவர் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்தார். அங்கே பிடிபட்ட மீன்களை வரைந்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். லூயி ரெனார் என்பவர் அவற்றைத் தொகுத்து 1719 வாக்கில் ஆம்ஸ்டர்டாமில் வண்ணப் புத்தகமாக வெளியிட்டார். மீன்களின் உடம்பில் நிலாவும் சூரியனும் நட்சத்திரமும் பூத்துக் குலுங்கும். கடைசியில் ஒரு கடற்கன்னியும் உண்டு. கடற்கரையில் பிடித்த ஒரு மீனை வீட்டில் வைத்திருந்ததாகவும், அது நாய்க்குட்டி மாதிரி தன் பின்னாலேயே நடந்து வந்ததாகவும் ஃபாலூர்ஸ் குறிப்பு எழுதியிருக்கிறார். படித்தவர்கள் சிரித்தார்கள், பிறகு மொத்தப் புத்தகத்தையும் நம்பாமல் ஒதுக்கினார்கள்.

தியோடர் பீட்ச் என்ற அமெரிக்க மீனியல் அறிஞர் அந்தப் படங்களைப் பொறுமையாக ஆராய்ந்து, அவற்றில் பெரும்பாலானவை உண்மை மீன்களே என்று காட்டினார். நாய்க்குட்டிக் கதையில் வருவதும் உண்மையில் உள்ள மீன்தான், தவளைமீன் வகை. அது துடுப்பை ஊன்றிக் கடல் தரையில் நடக்கும். வீட்டுக்குள் நடந்தது என்பதுதான் ஃபாலூர்ஸ் கூட்டிய மசாலா. அந்த மீனுக்கு மசாலாவே தேவையில்லை. முதுகுத் துடுப்பின் முதல் முள்ளே நீண்டு தூண்டிலாகி, நுனியில் இரைபோல ஒன்று ஆடும். கிட்டே வரும் மீனை அது விழுங்குவதை நம் கண்ணால் பிடிக்க முடியாது, அத்தனை வேகம்.

இனிதான் வேடிக்கை. 2008-இல் அதே அம்போன் துறைமுகத்தில் முங்குநீச்சல்காரர்கள் ஒரு தவளைமீனைக் கண்டார்கள். உடம்பெல்லாம் வெள்ளையும் காவியும் கலந்த வரிகள், கண்ணிலிருந்து கிளம்பிச் சுழிபோல் சுற்றுகின்றன. முகம் தட்டையாக, இரு கண்ணும் முன்னோக்கி. செவுளிலிருந்து நீரைப் பீய்ச்சிக்கொண்டு பந்துபோலத் தரையில் துள்ளித் துள்ளிப் போனது. 2009-இல் அதை ஹிஸ்டியோஃபிரைன் சைகடெலிகா என்று உலகுக்கு அறிவித்தவர்களில் முதல்வர் அதே பீட்ச். ஃபாலூர்ஸ் அன்றைக்கே இதைக் கண்டு அப்படியே வரைந்திருந்தால், கடற்கன்னியோடு சேர்த்து இதையும் பொய் என்று தள்ளியிருப்பார்கள். ஒரு படத்தில் சேர்த்த பொய், பக்கத்திலிருக்கும் உண்மைப் படத்தையும் தின்றுவிடுகிறது. உன் புத்தகத்துக்கும் இதே ஆபத்து இருக்கிறது.

அந்த மீனைப் பற்றி இன்னொரு செய்தி உனக்கு நேரடியாகப் பயன்படும். 1992-லேயே இரண்டு மீன்கள் பாலியிலிருந்து அமெரிக்காவுக்குப் போன சரக்கில் தவறி வந்து, பீட்சின் கைக்கே போய்ச் சேர்ந்திருந்தன. சாராயத்தில் கிடந்து வரியெல்லாம் வெளுத்துப் போனதால், தெரிந்த வேறொரு இனம் என்று பாட்டிலில் பல ஆண்டுகள் இருந்தன. செத்த மீனின் நிறம் சில நேரம் நிமிடக் கணக்கில் போய்விடும். அதனால் நிறத்தை முதலில் எழுது, வடிவத்தைப் பிறகு வரை. 1907 முதல் 1910 வரை அமெரிக்காவின் 'ஆல்பட்ராஸ்' கப்பல் பிலிப்பைன்ஸ் கடலில் ஆய்வு செய்தபோது, குமதாரோ இதோ என்ற ஜப்பானிய ஓவியரைக் கூடவே ஏற்றிச் சென்றார்கள். வலையிலிருந்து வந்த கையோடு அவர் வண்ணம் தீட்டினார். அந்த மீன்கள் வெளிறிப் பல்லாண்டாயின. நிறம் அவருடைய தாள்களில் இருக்கிறது.

நம் கரையிலும் இந்தக் கதை உண்டு. பெர்லினில் மருத்துவராக இருந்த மார்க்கஸ் ப்ளோக், 432 வண்ணத் தகடுகளோடு மீன்களைப் பற்றிப் பெரும் நூல் வெளியிட்டவர். தரங்கம்பாடியில் இருந்த மிஷனரி கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் அவருக்கு இங்கிருந்து மீன்களைப் பாடம் செய்து அனுப்பினார். நாம் குழம்பு வைக்கிற கத்தாளையின் ஒரு பேரினத்துக்கு அந்த ஜானின் பெயரைத்தான் ப்ளோக் வைத்தார். ப்ளோக்கின் கோடுகள் நேர்த்தியானவை. நிறத்தைப் பார்க்கும்போது மட்டும், அந்த மீன் எத்தனை மாதம் கப்பலில் கிடந்தது என்பதை நினைத்துக்கொள்.

வடிவத்துக்கு வருவோம். மீனின் தலை இடப்பக்கம் பார்க்க வரைவது அறிவியல் ஓவியத்தின் வழக்கம். முதுகுத் துடுப்பில் எத்தனை முள், எத்தனை மென்கதிர் என்று எண்ணிவிட்டு வரை. இனத்தைப் பிரிப்பதே பெரும்பாலும் அந்த எண்ணிக்கைதான். நீ அழகுக்காக இரண்டு கதிர் கூட்டினால் மீன் வேறாகிவிடும். தட்டை மீன்களுக்கு மட்டும் வழக்கம் மாறும்: கண் இருக்கிற பக்கத்தை வரைய வேண்டும். குஞ்சாக இருக்கையில் இவற்றுக்கும் பக்கத்துக்கொரு கண்தான். வளர வளர ஒரு கண் தலையைச் சுற்றி மறுபக்கம் போகிறது. எருமை நாக்கு என்று நம் கடலோரத்தில் சொல்லும் மீனில் அந்தக் கண் பாதி வழியிலேயே, தலையின் உச்சி விளிம்பில் நின்றுவிடும்; ஒரு மீனுக்கு இடப்பக்கம், இன்னொன்றுக்கு வலப்பக்கம் என்று அதிலும் ஒழுங்கில்லை. அதை வாங்க நீ எந்த நாட்டுக்கும் போக வேண்டாம். ஏலக்கூடத்துக்குப் போனால் போதும்.

கைத்திறன் குறைவாக இருந்தாலும் சரியான இடத்தைப் பார்த்த கோடு என்ன செய்யும் தெரியுமா? 1938 டிசம்பர் 22, தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் துறைமுகம். அங்கிருந்த சிறு அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர் மார்ஜரி கோர்ட்னி-லாட்டிமர், இழுவைப் படகொன்றின் மீன் குவியலில் நீலம் மின்னும் பெரிய மீனைக் கண்டார். ஒன்றரை மீட்டர் நீளம். நல்ல வெயில் காலம். மீனைக் கெடாமல் வைத்திருக்கப் பிணவறையும் ஏற்கவில்லை, குளிர்கிடங்கும் ஏற்கவில்லை. மறுநாள் மீனியல் அறிஞர் ஜே.எல்.பி. ஸ்மித்துக்குக் கடிதம் எழுதி, கூடவே அவசரமாக ஒரு கோட்டுப்படம் கிறுக்கி அனுப்பினார். ஓவியப் போட்டிக்கு அனுப்பினால் ஆறுதல் பரிசுகூடக் கிடைக்காத படம். ஆனால் கால் போல் தடித்த துடுப்புகளும், வாலின் நடுவே தனியாக நீட்டிய சிறு மடலும் அதில் இருந்தன. விடுமுறையில் இருந்த ஸ்மித்துக்கு அது ஜனவரி மூன்றாம் தேதிதான் கிடைத்தது. அந்தக் கிறுக்கலைப் பார்த்தே, சுமார் ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் அற்றுப்போனதாக எல்லோரும் நம்பிய சீலகாந்த் என்று அவர் ஊகித்தார். அதற்குள் உள்ளுறுப்புகளை எறிந்துவிட்டிருந்தார்கள். அடுத்த மீன் அறிவியலின் கைக்கு வர 1952 ஆயிற்று.

புரியாததையும் வரைய வேண்டும். ஐஸ்லாந்துக்காரர் பியார்னி சேமுண்ட்சன் 1922-இல் ஆழ்கடல் தூண்டில்மீன் ஒன்றின் வயிற்றில் இரண்டு சிறு மீன்கள் ஒட்டியிருக்கக் கண்டார். குஞ்சுகள் என்று எண்ணினார். எப்படி ஒட்டின என்று விளங்கவில்லை என்பதையும் பதிவு செய்தார். 1925-இல் சார்ல்ஸ் டேட் ரீகன் இதேபோல் ஒன்றை அறுத்துப் பார்த்து, ஒட்டியிருப்பது ஆண் என்று கண்டுபிடித்தார். பெண்ணைக் கடித்துப் பிடித்து, சதையோடு சதையாகி, அவள் இரத்தத்திலேயே வாழ்கிற ஆண். சேமுண்ட்சன் அந்த இரண்டையும் குப்பை என்று பிய்த்துப் போட்டிருந்தால்?

பார்க்காத மீனை வரையவே கூடாதா என்றால், வரையலாம். 1930-களில் பெர்முடா அருகே வில்லியம் பீபி எஃகுக் கோளத்தில் உட்கார்ந்து கடலுக்குள் இறங்கினார்; 1934-இல் 923 மீட்டர் வரை போனார். கண்டதைத் தொலைபேசியில் சொல்லச் சொல்ல மேலே குறித்துக்கொண்டார்கள். எல்ஸ் போஸ்டல்மன் என்ற ஓவியர் அவருடைய சொற்களிலிருந்து மீன்களை உருவாக்கினார். அபாரமான ஓவியங்கள், இருட்டை அவரைப்போல் தீட்டியவர் குறைவு. ஆனால் பீபி பெயர் சூட்டிய சில மீன்களை அதன்பின் யாருமே காணவில்லை. இருந்தனவா, சன்னல் மங்கலில் தோன்றியவையா என்று இன்றும் வாதம் நடக்கிறது. இருந்தாலும் அவை யார் சொல்லி யார் வரைந்தவை என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் அவற்றைப் படிக்க ஒரு வழி இருக்கிறது. மூலம் எழுதாத படத்துக்கு அந்த வழியும் இல்லை. 1764-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில், வாயால் நீரைப் பீய்ச்சிப் பூச்சியை வீழ்த்தும் மீன் என்று பட்டேவியாவிலிருந்து (இன்றைய ஜகார்த்தா) வந்த ஒரு நீள்மூக்கு வண்ணத்துப்பூச்சி மீனின் படம் வெளியாயிற்று. நீரைப் பீய்ச்சுவது வேறு மீன். சரியான மீன் சில ஆண்டுகளிலேயே அச்சேறிவிட்டது. ஆனாலும் தவறான படம் தலைமுறை தலைமுறையாகப் புத்தகம் மாறி ஓடியது.

ஆகவே இந்தப் புத்தகத்தை இப்போது போடாதே. இது என் தீர்மானமான கருத்து. முதலில் ஏலக்கூடத்தில் ஒரு ரூபாய்க்கும் மதிக்காத மீன்களை வரைந்து பழகு. காரப்பொடியில் தொடங்கு. வெள்ளிக்காசு போலிருக்கும் மீன் அது; அதன் வாயை விரலால் மெல்ல இழுத்துப் பார். குழாய் போல நீண்டு வெளியே வரும். அதன் உணவுக்குழலைச் சுற்றி ஓர் உறுப்பு இருக்கிறது. அதில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் ஒளி விடுகின்றன. உயிருள்ள மீன் அந்த வெளிச்சத்தை வயிற்றுப் பக்கமாகக் கசிய விடுகிறது. கருவாட்டுக் கூடையில் குவித்து விற்கும் மீன் இது. இதைவிட விசித்திரமாக என்ன வேண்டும் உனக்கு?

தடைக்காலம் முடிந்து ஜூன் நடுவில் விசைப்படகுகள் கடலுக்குப் போகும். விடியுமுன் துறைமுகத்துக்குப் போ. காரப்பொடியை வாய் மூடியபடி ஒன்றும், வாய் நீட்டியபடி ஒன்றுமாக வரைந்து அனுப்பு. ஒவ்வொரு படத்தின் கீழும் எந்தக் கரை, எந்தத் தேதி, எந்த வலை, மீன் செத்து எவ்வளவு நேரமாயிற்று, விற்றவர் சொன்ன பெயர் என்ன என்பதைப் பென்சிலால் எழுதிவிடு. மையால் எழுதாதே, மீன் ஈரம் பட்டால் கலைந்துவிடும்.