திடீரென ஒளிர்ந்த எக்ஸ்-கதிர் மூலம்: எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

மாணவர்களே, மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும்போது அந்தக் கதிர் உங்கள் கைத் தசையை எளிதில் ஊடுருவிவிடுகிறது. அப்படிப்பட்ட கதிர் விண்மீன்களிலிருந்து வந்தால், நம் தஞ்சோங் ரம்புத்தான் பள்ளித் திடலை ஏன் எட்டுவதில்லை?

காற்றுதான் காரணம். நம் தலைக்கு மேலுள்ள காற்று முழுவதன் எடை, ஏறக்குறைய 10 மீட்டர் உயர நீரின் எடைக்குச் சமம். அத்தனை பொருளைக் கடக்க முடியாமல் எக்ஸ்-கதிர்கள் வழியிலேயே உறிஞ்சப்படுகின்றன. உயிர்களுக்கு அது நல்லது. வானியலாளர்களோ கருவியை விண்வெளிக்கே அனுப்ப வேண்டியுள்ளது.

ஜாகா கண்டது

தோட்டத்து ஜாகா இரவில் சுற்றி வருவதுபோல, வானத்துக்கும் ஒரு காவல் உண்டு. அனைத்துலக விண்வெளி நிலையத்தில் 2009இல் பொருத்தப்பட்ட ஜப்பானின் மாக்ஸி கருவி அது. நிலையம் சுமார் 92 நிமிடத்தில் பூமியை ஒருமுறை சுற்றும்போது, மாக்ஸி வானத்தின் பெரும்பகுதியை நோட்டமிட்டுவிடும். 2018 மார்ச் 11இல், அதுவரை எக்ஸ்-கதிரில் தென்படாத ஓரிடம் ஒளிர்வதை அது கண்டது. அதே இடத்தில் சாதாரண ஒளி கூடியிருப்பதைத் தரையிலுள்ள தொலைநோக்கிகள் மார்ச் 6இலேயே பதிவு செய்திருந்தன.

அதன் பெயர் மாக்ஸி ஜே1820+070. பெயரே முகவரி: வான வரைபடத்தில் 18 மணி 20 நிமிடம், வடக்கே 7.0 பாகை. நம் ஊர் வடக்கே சுமார் 4.7 பாகையில் உள்ளது. ஆகவே அந்த மூலம் கிட்டத்தட்ட நம் உச்சந்தலைக்கு மேலேயே கடந்து செல்கிறது. ஜூன் இறுதியில் பின்னிரவு ஒரு மணி வாக்கில் அண்ணாந்து பாருங்கள், அந்தத் திசைதான்.

கருந்துளை ஒளிருமா?

“கருந்துளையிலிருந்து ஒளியே வெளிவராதே டீச்சர், அப்புறம் எப்படி?” என்று என் மாணவி ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. ஒளிர்வது கருந்துளை அல்ல; அதில் விழப்போகும் வாயு. அருகிலுள்ள விண்மீனிலிருந்து இழுக்கப்படும் வாயு, தட்டுபோல் சுழன்று பல ஆண்டுகள் சேர்கிறது. அடைப்பு உடைந்த கால்வாய்போல் ஒருநாள் உள்நோக்கிப் பாய்கிறது. அப்போது உள்விளிம்பு ஒரு கோடி பாகை அளவுக்குச் சூடாகி எக்ஸ்-கதிரை உமிழ்கிறது. மாக்ஸி கண்ட கதிர்கள் புறப்பட்டுச் சுமார் 10,000 ஆண்டுகள் ஆகியிருந்தன!

கல் தத்துவதுபோல்

ஜாகா குரல் கொடுத்த பிறகு, உற்று நோக்கும் தொலைநோக்கிகள் அப்பக்கம் திரும்பின. இந்தியா 2015 செப்டம்பர் 28இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய அஸ்ட்ரோசாட்டும் அம்மாத இறுதியில் அதை ஆராய்ந்தது.

எக்ஸ்-கதிர் நேராக மோதினால் கண்ணாடிக்குள் புகுந்துவிடும். ஈயக்குட்டையில் கல்லைச் செங்குத்தாகப் போட்டால் மூழ்கும். தாழ்வாகச் சாய்த்து எறிந்தால் தத்திச் செல்லும் அல்லவா? அதே வழிதான். அஸ்ட்ரோசாட்டின் ஒரு தொலைநோக்கியில், பொன் பூசிய 40 மெல்லிய கூம்பு அடுக்குகள் ஒன்றினுள் ஒன்றாக உள்ளன. அவற்றை உரசுவதுபோல் வரும் கதிர்கள் திரும்பி, 2 மீட்டர் தொலைவில் குவிகின்றன. (குட்டைப் பக்கம் தனியாகப் போகாதீர்கள், ஆழம் அதிகம்.)

ஏன் அவசரம்?

இத்தகைய ஒளிர்வு சில மாதங்களில் மங்கிவிடும். பழைய புகைப்படத் தகடுகளைத் தேடியபோது, இதே மூலம் 1898இலும் 1934இலும் ஒளிர்ந்த தடம் கிடைத்தது. அதற்குப் பின் பதிவானது 2018இல், 84 ஆண்டுகள் கழித்து! அன்று தவறவிட்டிருந்தால், ஒரு மனித ஆயுளில் மறுவாய்ப்பு கிட்டாமலே போயிருக்கலாம்.

சிந்தித்துப் பாருங்கள்

அஸ்ட்ரோசாட்டின் பாதை நிலநடுக்கோட்டுக்கு 6 பாகை மட்டுமே சாய்ந்தது. அது தஞ்சோங் ரம்புத்தானுக்கு நேர்மேலே செல்ல முடியுமா? வடக்கே 6.4 பாகையிலுள்ள கங்காருக்கு? பூமியுருண்டையை எடுத்து, நூலைச் சுற்றி நீங்களே விடை காணுங்கள்.