பனிப்படிகங்களைப் படமெடுத்த விவசாயி

அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்திலுள்ள ஜெரிக்கோ என்னும் சிற்றூரில் 1865ஆம் ஆண்டு பிறந்தவர் வில்சன் பென்ட்லி. பதினைந்து வயதில், தாயார் தந்த நுண்ணோக்கியின் வழியாகப் பனிப்படிகங்களைக் கண்டு வியந்தார். ஊசி, தூண், தட்டு, விண்மீன் எனப் பல வடிவங்கள்! காற்றின் வெப்பநிலையும் ஈரப்பதமுமே இவ்வேறுபாட்டிற்குக் காரணம். ஆயினும், பெரும்பாலான படிகங்கள் அறுகோண அமைப்பு உடையவை.

பென்ட்லி அவற்றை வரைய முயன்றார். வரைந்து முடிப்பதற்குள் அவை உருகிவிட்டன. ஆனாலும், அவர் மனந்தளரவில்லை. நுண்ணோக்கியுடன் புகைப்படக் கருவியை இணைத்துக் கடுங்குளிரில் நின்று பல முறை முயன்றார். 1885ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள், தனியொரு பனிப்படிகத்தைப் படமெடுத்து வெற்றி கண்டார். விவசாயம் செய்துகொண்டே, தம் வாழ்நாளில் 5,000க்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார். அந்தப் படிகங்கள் அன்றே உருகிவிட்டன. அவற்றின் அழகை நாம் இன்றும் காண்கிறோம்.