மீன் தன் தலைக்குள் எழுதும் கணக்கு

அன்புள்ள நிலா,

கடல் சூடாகிறது என்கிறார்களே, அது மீனுக்கு நல்லதா கெட்டதா என்று கேட்டிருந்தாய். மீனையே கேட்டுவிடலாம். பதிலை அது தலைக்குள் எழுதி வைத்திருக்கிறது.

கத்தாழை மீனின் மண்டையைப் பிளந்தால் வெள்ளையாக இரண்டு கற்கள் கிடைக்கும். அவைதான் செவிக்கற்கள். எல்லா எலும்பு மீன்களுக்கும் உள்காதில் மூன்று ஜோடி உண்டு. கத்தாழை இனத்துக்கு அவற்றில் ஒரு ஜோடி பெரிது, அவ்வளவுதான். உடல் சாய்வதையும் ஒலி வருவதையும் மீன் இவற்றைக் கொண்டே உணர்கிறது. பார்க்க எலும்புபோல இருந்தாலும் எலும்பு இல்லை. புரதத்தின் மேல் படிந்த கால்சியம் கார்பனேட். எலும்பையோ செதிளையோ பட்டினிக் காலத்தில் உடல் கரைத்துக்கொள்ளும். செவிக்கல்லைத் தொடாது. ஒருமுறை படிந்தது படிந்ததுதான். அதனால்தான் இந்தக் கணக்கை நம்பலாம்.

மரத்தின் ஆண்டு வளையம்போல இதிலும் வளையங்கள் விழும். மீன் நன்றாக வளரும் பருவத்தில் அகலமான பட்டை, வளர்ச்சி மந்தமாகும் பருவத்தில் மெல்லிய பட்டை. 1899இல் ஜெர்மானியரான ரைபிஷ் இவற்றை எண்ணி மீனின் வயதைக் கணித்தார். 1971இல் பன்னெல்லா என்பவர், ஆண்டு வளையத்துக்குள் நாள் வளையங்களும் இருப்பதைக் காட்டினார். கல்லைப் பிசினில் பதித்து, வைர ரம்பத்தால் மெல்லிய சீவலாக அறுத்து, மெருகேற்றி, நுண்ணோக்கியில் வைத்தால் எண்ணத் தொடங்கலாம். பொறுமை வேண்டும், உனக்கு அது கொஞ்சம் குறைவு!

எண்ணினால் வயது தெரியும். கடலைப் பற்றித் தெரிந்துகொள்ள அகலத்தை அளக்க வேண்டும். இங்கே ஒரு சிக்கல். குஞ்சுப் பருவத்து வளையம் எப்போதும் அகலம், முதுமை வளையம் எப்போதும் ஒடுக்கம். ஆகவே ஒரே கல்லின் இரண்டு வளையங்களை ஒப்பிட்டுப் பயனில்லை. 1900இல் பிறந்த மீனின் மூன்றாம் வயது வளையத்தை, 1950இல் பிறந்த அதே இன மீனின் மூன்றாம் வயது வளையத்தோடு ஒப்பிட வேண்டும். மீன் பிடிபட்ட ஆண்டு தெரிந்தால் போதும், ஓரத்திலிருந்து உள்நோக்கி எண்ணி ஒவ்வொரு வளையத்துக்கும் ஆண்டு குறித்துவிடலாம்.

ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கே, டாஸ்மேனியாவை ஒட்டிய கடலில் த்ரெஷர் என்ற ஆய்வாளரின் குழுவினர் இப்படித்தான் எட்டு வகை மீன்களின் கற்களைப் படித்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள். அங்கே மேல்நீர் பல பத்தாண்டுகளாகச் சூடேறி வருகிறது. அங்குள்ள மரியா தீவருகே 1944 முதல் வெப்பநிலையை அளந்து வந்திருக்கிறார்கள். ஆழம் குறைந்த நீரில் வாழும் மோர்வாங் போன்ற மீன்களின் குஞ்சுகள் முன்பைவிட வேகமாக வளர்ந்தன. ஏறத்தாழ 1000 மீட்டர் ஆழத்தில் வாழும் ஓரியோ (பிஸ்கட் இல்லை, மீன்தான்) முன்பைவிட மெதுவாக வளர்ந்தது. இரண்டிலும் மாற்றம் கால்பங்குக்கு மேல். ஒரே கடல், மேலே ஒரு கதை, கீழே வேறு கதை!

“மீன்பிடிப்புதான் காரணமாக இருக்கலாமே?” என்று நீ கேட்பாய். நல்ல கேள்வி. கூட்டம் குறைந்தால் மிஞ்சியவற்றுக்கு இரை கூடும், வளர்ச்சியும் கூடலாம். ஆனால் ஆழ்கடல் இனங்களின் மந்தம், வலைகள் அந்த ஆழத்தை எட்டுவதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது. நூறாண்டுக்கு மேல் வாழும் மீன்களின் கல் என்பதால்தான் இதைச் சொல்ல முடிகிறது.

சரி, மேல்நீர் மீனுக்காவது சூடு லாபம்தானே? அதற்கும் 2011இல் பதில் வந்தது. தொண்ணூறு வயதைத் தாண்டியும் வாழக்கூடிய பட்டைபோட்ட மோர்வாங்கின் கற்களை டாஸ்மன் கடலின் இரு பக்கத்திலிருந்தும் எடுத்துப் பார்த்தார்கள். குளிர்ந்த டாஸ்மேனியப் பக்கத்தில், சூடு ஏற ஏற வளையம் அகன்றது. அந்த இனம் வாழும் பரப்பிலேயே மிக வெதுவெதுப்பான நியூசிலாந்துப் பக்கத்தில் அது ஒடுங்கியது. மீனின் உடற்சூடு நீரின் சூட்டைப் பொறுத்தது. நீர் சூடானால் உடலின் இயக்கம் விரைவுபடும், ஆக்சிஜன் தேவையும் ஏறும். ஓர் அளவுக்கு மேல், தின்றதெல்லாம் உயிரைப் பிடித்துவைக்கவே செலவாகிவிடும்; வளர்ச்சிக்கு மிஞ்சாது. இப்போது வேகமாக வளரும் டாஸ்மேனிய மீனும் அந்த அளவை நோக்கித்தான் போய்க்கொண்டிருக்கிறது என்பது என் கணிப்பு.

நம் வெப்பக்கடல் மீன்களில் ஆண்டு வளையம் பெரும்பாலும் மங்கலாகவே விழும். கோடைக்கும் குளிருக்கும் இடையே நீரில் அவ்வளவு வேறுபாடு கிடையாது. இங்கே சிறு மீன்களுக்கு நாள் வளையங்களே கைகொடுக்கும். அதனால் டாஸ்மேனியக் கணக்கை அப்படியே மன்னார் வளைகுடாவுக்குப் பொருத்திவிடாதே. கடல் சூடானால் மீன் கொழுக்கும் என்றோ, அழிந்துவிடும் என்றோ யாராவது ஒரே வரியில் சொன்னால், எந்த மீன், எந்த ஆழம், அதன் வாழிடத்தின் எந்த ஓரம் என்று கேள்.

அன்புடன்,
மாமா