பழைய மிதிவண்டியைப் புதுப்பித்தபோது கற்ற இயற்பியல்

— இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்

நம் கல்லூரி வண்டிக் கொட்டகையில் இன்று மோட்டார் சைக்கிள்களே மிகுதி. அவற்றிற்கு அப்பால், வேப்பமரத்தடியில், கம்பிப் பிரேக்குடன் உயரமான கறுப்பு மிதிவண்டி ஒன்று நிற்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். "இது எந்தக் காலத்து வண்டியப்பா?" என்று என்னைக் கேட்காத நண்பர்கள் குறைவு. அது 1974-ஆம் ஆண்டு என் தாத்தா வாங்கிய வண்டி. சென்ற கோடை விடுமுறையில் அதை முழுவதுமாகப் பிரித்து, துருவகற்றி, மீண்டும் பூட்டினேன். வகுப்பில் படித்த இயற்பியலும் துணைப்பாடமான வேதியியலும் அப்போது எங்கெங்கே எதிர்ப்பட்டன என்று சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். பிற்பகுதியில் எங்கள் வீட்டுச் செய்தி ஒன்றும் வருகிறது. அதை எழுதலாமா என்று தயங்கினேன். எழுதலாம் என்று பேராசிரியர் சொன்னதால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கல்லூரியிலிருந்து 11 கிலோமீட்டர். செய்முறை வகுப்பு 4.30-க்கு முடிகிறது. 4.40 பேருந்தைத் தவறவிட்டால் அடுத்தது 6.15-க்குத்தான். மேல்நிலை முதலாமாண்டில் அரசு எனக்கு வழங்கிய மிதிவண்டியில் இப்போது ஒன்பதாம் வகுப்புத் தங்கை பள்ளிக்குப் போகிறாள். மிச்சமிருந்தது மாட்டுத் தொழுவத்து உத்திரத்தில் தொங்கிய தாத்தாவின் வண்டி மட்டுமே. 2013-ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்திலிருந்து அதை யாரும் தொடவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. அப்பா அப்போது பால் பண்ணை வைத்திருந்த ஒருவரிடம் வேலை பார்த்தார். விடியுமுன் 40 லிட்டர் பாலைக் கேன்களில் நிரப்பி, அந்த வண்டியில் கட்டி, டவுனுக்குக் கொண்டுபோவார். ஒருநாள் வாய்க்கால் பாலத்து இறக்கத்தில் விழுந்தார். தோள்பட்டை எலும்பு முறிந்தது; பால் முழுவதும் ரோட்டில். தூங்கிக்கொண்டே வண்டி ஓட்டினான் என்றார்கள் சிலர். இன்னும் சிலர் அதைவிட மோசமாகச் சொன்னார்கள். பாலுக்கான பணத்தைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு வேலையை விட்டும் நிறுத்திவிட்டார்கள். அன்றிரவு அப்பா அம்மாவிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: "ஹேண்டில் தானாப் போச்சு." அதற்குமேல் அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை. எனக்கு அப்போது எட்டு வயது.

ஆகவே வண்டியை நான் கேட்டபோது, "காயலான் கடையில போடு, ஓட்டாத" என்றார். மூன்று முறை கேட்டபின், "பிரிக்கணும்னா பிரி. ஓட்டுறத பொறவு பாப்போம்" என்று இறங்கி வந்தார்.

எங்கள் ஊர் மிதிவண்டிக் கடை அண்ணாச்சிக்கு எழுபது வயதிருக்கும். பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அவர் கடைத் திண்ணைதான் எனக்கு அந்தக் கோடையில் ஆய்வுக்கூடம். முதல் நாளே திட்டு வாங்கினேன். இடப்பக்கப் பெடலைக் கழற்ற முழு பலத்துடன் இடஞ்சுழியாக ஸ்பேனரைத் திருகிக்கொண்டிருந்தேன். "ஏலே, அது எடப்பக்கம்லா! மாத்தித் திருக்கு" என்று உள்ளிருந்து சத்தம் போட்டார். ஆம், இடப்பக்கப் பெடலின் மரை மட்டும் எதிர்ச்சுழி. ஏன் என்று கேட்டேன். "இல்லேன்னா ஓட்ட ஓட்டக் கழண்டிரும்" என்றார். அது விடைதான், ஆனால் காரணம் அன்று.

காரணம் தேடியதில் ஒரு வேடிக்கை தெரிந்தது. பெடலின் உள்ளே உராய்வு இருக்கிறது; அது அச்சைத் தன்னோடு இழுத்துச் சுழற்றப் பார்க்கும் என்றுதான் நாம் முதலில் நினைப்போம். அப்படியானால் இப்போதுள்ள மரையில் பெடல்கள் கழன்றுபோக வேண்டும். கழலவில்லையே! உண்மையில் நடப்பது வேறு. பெடலின் அச்சு, மரைத்துளையை விட மயிரிழையளவு சிறியது. நம் கால் எப்போதும் கீழ்நோக்கியே அழுத்துகிறது, கிராங்கோ சுற்றுகிறது. எனவே அச்சு துளையின் சுவரில் அழுந்தும் இடம், துளையைச் சுற்றி நகர்ந்துகொண்டே போகிறது. அச்சு துளைக்குள் மிக மெதுவாக எதிர்த்திசையில் உருள்கிறது. இந்த உருளலின் விசை உராய்வை விட வலியது. வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு பென்சிலை இடக்கை விரல்களை மடக்கிய வளையத்துக்குள் தளர்வாக நிறுத்தி, அதன் நுனியை வலக்கையால் வட்டமாகச் சுழற்றுங்கள். பென்சில் தன்னைத்தானே எதிர்த்திசையில் திருகிக்கொள்வதைக் காண்பீர்கள். இதை நான் அண்ணாச்சியிடம் செய்து காட்டியபோது அவர் நான்கைந்து முறை திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். பிறகு கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அதைக் காட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்தது துரு. இரும்பும் நீரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்தால் துரு என்பது பள்ளிப் பாடம். கல்லூரிப் பாடம் அதை ஒரு சிறு மின்கலம் என்கிறது. ஒரே இரும்புப் பரப்பில் ஓரிடம் நேர்மின்வாயாகி எலக்ட்ரான்களை இழந்து கரைகிறது. பக்கத்திலேயே வேறோரிடம் எதிர்மின்வாயாகிறது. நடுவே ஈரம் மின்பகுளி. நமக்குத் தொல்லை தருவது துருவின் பருமன். துரு, தான் பிறந்த இரும்பைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலாக இடம் பிடிக்கும். மரைக்குள்ளும் குழாய்க்குள்ளும் அது வீங்கி இறுகுவதால்தான் சீட்டுத் தண்டு அசையவே மாட்டேன் என்றது. மண்ணெண்ணெய் ஊற்றி மூன்று நாள் வைத்து, பிறகு வெளிக்குழாயை மட்டும் சுடவைத்து, அது விரிந்த நேரம் பார்த்துத் திருகி எடுத்தோம்.

சிறு பாகங்களைக் கழிவறை கழுவும் ஆசிட்டில் போடலாம் என்று சிலர் சொன்னார்கள். போடாதீர்கள். அந்த அமிலம் துருவைத் தின்றபின் நல்ல இரும்பையும் தின்னும். அப்போது பிறக்கும் ஹைட்ரஜன் கடினமான எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும்படி ஆக்கிவிடும். நான் செய்தது மின்னாற்பகுப்பு. ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர், லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர் ஒன்று. துருப்பிடித்த பாகம் எதிர்முனையில். வேண்டாத இரும்புக் கம்பி நேர்முனையில். இரவு முழுவதும் விட்டால் காலையில் செந்துரு கறுப்புப் பொடியாகி, பிரஷ்ஷால் தேய்த்ததும் உதிர்கிறது. அடியிலுள்ள இரும்புக்குச் சேதமில்லை. இரண்டு எச்சரிக்கைகள்: நேர்முனையில் எவர்சில்வர் வைக்கக் கூடாது, அதிலுள்ள குரோமியம் நச்சுப்பொருளாகக் கரையும், வெட்டவெளியில்தான் செய்ய வேண்டும், ஏனெனில் பாகத்திலிருந்து குமிழியாக வருவது எரியக்கூடிய ஹைட்ரஜன்.

பால்ரஸ்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முன் சக்கரத்தில் பக்கத்துக்கு 10, பின் சக்கரத்தில் 9, பெடல் அச்சில் 11. ஆக 60 குண்டுகளையும் மாற்றிப் புதுக் கிரீஸ் வைத்தேன். கோட்டம் எடுப்பதை அண்ணாச்சி செய்ய, நான் பார்த்தேன். முன்னே 32, பின்னே 40 ஸ்போக்ஸ் கம்பிகள். ஒவ்வொன்றையும் விரலால் சுண்டி, ஒலியைக் கேட்டே இழுவிசையைக் கணிக்கிறார். சோனாமீட்டரில் நாம் பாலம் நகர்த்திப் படிப்பதை அவர் காதாலேயே படிக்கிறார்!

இதற்கிடையில் ஒருநாள் பேராசிரியரைப் பார்க்கச் சென்றேன். அவர் தம் கைப்பேசியில் ஒரு படம் காட்டினார்: அமெரிக்காவில் 1980-களின் பிற்பாதியில் டைட்டானியத்தால் செய்யத் தொடங்கிய மலைப்பாதை மிதிவண்டி. பெயிண்ட் கிடையாது, வெறும் சாம்பல் நிற உலோகம். அத்தகைய பழைய வண்டியைப் புதுப்பிப்பவர்கள் சட்டத்தைச் சோப்பு போட்டுக் கழுவினாலே போதுமாம். டைட்டானியமும் ஆக்சிஜனோடு சேர்கிறது, இரும்பைவிட ஆவலாகவே சேர்கிறது. ஆனால் அதன் ஆக்சைடு மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டு மேற்கொண்டு காற்றை உள்ளே விடுவதில்லை. இரும்பின் துருவோ உதிர்ந்து உதிர்ந்து வழிவிடுகிறது. அடர்த்தி இரும்புக்கு ஏறத்தாழ 7.8, டைட்டானியத்துக்கு 4.5. பின் ஏன் எல்லா வண்டியும் அதில் செய்யவில்லை? அந்த ஆவல்தான் காரணம். தாதுவிலிருந்து அதைப் பிரிக்க, குளோரைடாக்கி மக்னீசியத்தால் ஒடுக்கும் குரோல் முறை வேண்டும்; பற்றவைக்கும்போதுகூட ஆர்கான் வாயுவால் மூடாவிட்டால் சூடான உலோகம் காற்றை உறிஞ்சி நொறுங்கிப்போகும். இத்தனைக்கும் அதன் தாதுவான இல்மனைட், குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கறுப்பு மணலாகக் கிடக்கிறது. கேரளத்தில் சவறாவில் 2011 முதல் டைட்டானியக் கடற்பஞ்சு உலோகமும் எடுக்கிறார்கள். நாம் காலில் ஒட்டும் மணலென்று தட்டிவிட்டு வருகிறோம்.

இனி ஃபோர்க். முன் சக்கரத்தைத் தாங்கும் கவையும், அதிலிருந்து மேலெழுந்து ஹேண்டிலோடு சேரும் தண்டுக் குழாயும் கொண்ட பாகம் அது. வாளியில் ஓரிரவு கிடந்தபின் எடுத்துத் தேய்த்தேன். தண்டுக் குழாய் கவையோடு சேரும் இடத்தில், சரியாகக் கோன் உட்காரும் விளிம்பில், ஒரு மெல்லிய கறுப்புக் கோடு. கீறல் என்று நினைத்து உப்புத்தாளால் தேய்த்தேன். போகவில்லை. துடைத்து வெயிலில் வைத்தேன். ஒரு மணி நேரத்தில் அந்தக் கோட்டிலிருந்து மட்டும் செந்நீர் கசிந்திருந்தது. அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். கண்ணருகே வைத்துப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் கவையை வைஸில் இறுக்கி, தண்டுக்குள் ஒரு கடப்பாரையை விட்டு லேசாக நெம்பினார். முறுக்குச் சத்தம் போல் ஒரு சத்தம். இரண்டு துண்டு.

முறிந்த முகத்தை மறுநாள் பேராசிரியரிடம் காட்டினேன். குழாயின் சுற்றளவில் முக்கால் பங்கு கறுத்து, வழுவழுப்பாக, சிப்பி ஓட்டின் மேல் காணும் வளைகோடுகளைப் போன்ற கோடுகளுடன் இருந்தது. மீதிக் கால் பங்கு புத்தம் புதிதாக, வெள்ளியாய், சொரசொரப்பாக இருந்தது. "இது உலோகக் களைப்பு" என்றார். ஓர் உலோகம் தாங்கக்கூடிய விசைதான். ஆனால் அதையே லட்சக்கணக்கான முறை கொடுத்தும் விடுத்தும் வந்தால் ஓர் இடத்தில் நுண்ணிய விரிசல் விழுந்து, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக வளரும். 1842-இல் பிரான்சில் வெர்சாய் இரயில் விபத்து இரயில் எஞ்சின் அச்சு முறிந்ததால் நேர்ந்தது. பின்னர் பிரஷ்யாவில் வோலர் என்ற பொறியாளர் இரயில் அச்சுகளை ஆண்டுக்கணக்கில் வளைத்து வளைத்துச் சோதித்துத்தான் இந்தக் களைப்பின் கணக்கைக் கண்டார். குழாயின் தடிமன் சட்டென்று மாறுகிற விளிம்பில் தகைவு குவியும். விரிசல் அங்கேதான் பிறக்கும். எங்கள் ஊர் ரோட்டில் நாளொன்றுக்கு 500 குலுக்கல் என்று குறைவாக வைத்தாலும், பத்தாண்டில் 18 லட்சம் ஆகிறது. நடுவில் பால் கேன்களின் பாரமும் உண்டு.

அதன்பின்தான் எனக்கு அந்தக் கேள்வி எழுந்தது: இந்த விரிசல் எப்போது வந்தது? துருவை வைத்துச் சொல்ல முடியாது. தொழுவத்து ஈரத்தில் தொங்கியபோதும் துரு ஏறியிருக்கும். விழுந்த அடியில் வந்திருக்குமா? ஒரே அடியில் முறியும் உலோகம் சொரசொரப்பாக முறியும், வளைகோடுகள் வராது. தொங்கிய ஆண்டுகளில் வளர்ந்திருக்குமா? சும்மா தொங்கும் வண்டிக்குப் பாரமுமில்லை, குலுக்கலுமில்லை. களைப்பு விரிசல் ஓடுகிற வண்டியில்தான் வளரும். அந்த வண்டி கடைசியாக ஓடியது 2013 ஐப்பசியில், அந்த விடியற்காலையில். ஆகவே அப்பா பாலத்து இறக்கத்தில் பிரேக் பிடித்தபோது அவர் கைக்கும் சக்கரத்துக்கும் இடையே கால் பங்கு இரும்புதான் இருந்திருக்கிறது. பிரேக் பிடித்த நொடியில் விரிசல் வாய் திறக்கும்; கவை ஒரு பக்கமும் ஹேண்டில் ஒரு பக்கமும் போகும். அன்று அப்பா தூக்கக் கலக்கத்தில் இருந்தாரா என்பதற்கு இயற்பியலில் விடை இல்லை. ஹேண்டில் தானாகப் போயிருக்க முடியுமா என்பதற்கு இருக்கிறது. பேராசிரியரும் இந்த வாதத்தை இரண்டு முறை கேட்டுவிட்டு, "சரி" என்றார்.

அன்று மாலை இரண்டு துண்டுகளையும் அப்பாவிடம் கொடுத்துச் சொன்னேன். நான் சொன்ன தகைவும் வளைகோடும் அவருக்குப் புரிந்திருக்குமா, தெரியாது. துண்டுகளை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கறுத்த பகுதியைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டு, "இங்க வா, இதப் பாரு" என்றார். அம்மா கையில் வாங்கிப் பார்த்தார். இரண்டு பேரும் நெடுநேரம் பேசவில்லை. அப்புறம் அப்பா என்னிடம், "வேற ஃபோர்க் என்ன வெல வரும்?" என்று கேட்டார்.

400 ரூபாய்க்கு அண்ணாச்சி ஒன்று தேடித் தந்தார். பூட்டுமுன் அதையும் துருவகற்றி, விளிம்பில் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சட்டத்தின் எல்லா மூட்டுகளையும் அப்படியே பார்த்தேன். பழைய மிதிவண்டி வைத்திருக்கும் நண்பர்கள் இந்த ஒரு வேலையையாவது செய்யுங்கள். கோனைக் கழற்றித் துடைத்துப் பார்க்க அரை மணி நேரம் போதும். என் வண்டியில் முன் பல்சக்கரத்துக்கு 44 பல், பின்னதற்கு 18. சக்கரத்தின் சுற்றளவு 2.23 மீட்டர். ஒரு மிதிக்கு ஏறத்தாழ 5.45 மீட்டர். வீட்டிலிருந்து கல்லூரிக்கு 2,020 மிதி வருகிறது. முதல் நாள் பாலம் வரை அப்பாவே ஓட்டிப் போய்த் திரும்பி வந்து என்னிடம் தந்தார்.

முறிந்த துண்டுகளில் கவைப் பகுதியைத் துறைக்கு வேண்டுமென்று பேராசிரியர் கேட்டு வாங்கிக்கொண்டார். இயற்பியல் ஆய்வுக்கூடத்து மூன்றாம் அலமாரியில் கண்ணாடிக்குப் பின்னே இருக்கிறது, விரும்புவோர் பார்க்கலாம். மற்றத் துண்டை அப்பா கொடுக்கவில்லை. வீட்டில் ரேஷன் அட்டை வைக்கும் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறார்.