தொழிற்சாலையிற் காப்பு

நூலியற்றுவோர் முதற்கண் காப்புச் செய்யுள் வைத்தல் நம் மொழியின் வழக்கு. தொழிற்சாலைகளிலோ காப்பானது பெரும்பாலும் கேடு நிகழ்ந்த பின்னரே இயற்றப்படுகின்றது. 1984ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவையொட்டிப் போபால் நகரில், யூனியன் கார்பைடு தொழிற்சாலையினின்றும் மீதைல் ஐசோசயனேட் என்னும் நச்சுவாயு பரவி ஆயிரக்கணக்கானோரை மாய்த்தது. அந்நஞ்சைக் குளிர்விக்கும் யந்திரம் சில திங்களுக்கு முன்னரே நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரித்தற்கமைந்த கோபுரமும் பழுதுற்று நின்றது. அவ்வாலையில் 1981ஆம் ஆண்டிலேயே ஒரு தொழிலாளி பாஸ்ஜீன் வாயுவால் உயிர்துறந்தார். அங்கு வேலை செய்தோர் அபாயத்தைக் குறித்து முறையிட்டதும் உண்டு. கேட்பார்தாம் இலர்.

இதன் பின்னர், 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தில் 1987ஆம் ஆண்டு சில பிரிவுகள் சேர்க்கப்பட்டன. அபாயமிக்க தொழில் நிகழும் ஆலைகளில் தொழிலாளரும் நிர்வாகத்தாரும் சமஎண்ணினராய் அமரும் பாதுகாப்புக் குழு வேண்டுமென அவை விதித்தன. ஆயின், குழுவை அமைத்தல் எளிது. அதன்கண் தொழிலாளர் மனமுவந்து வந்தமர்ந்து வாய்திறத்தல் அரிது. குறை கூறுவோன் கலகக்காரன் எனப் பெயர் பெறுவான்; கூலியை எண்ணிக்கையாற் பெறுவோனுக்குக் கூட்டத்திற் கழியும் ஒரு மணி நேரமும் இழப்பேயாம்.

பிரிட்டன் தேசத்தார் இதனை நெடுங்காலம் பட்டறிந்தனர். 1872ஆம் ஆண்டின் நிலக்கரிச் சுரங்கச் சட்டம், தொழிலாளர் தம்முள் இருவரைத் தெரிந்தெடுத்துத் திங்கட்கொருமுறை சுரங்கத்தைச் சோதிக்க உரிமையளித்தது. செலவு மட்டும் அவர்களுடையது! முதலாளியின் சினத்திற்கும் அஞ்சியமையால் அவ்வுரிமையைக் கையாண்டோர் சிலரே. 1977ஆம் ஆண்டின் விதிகளோ, தொழிற்சங்கப் பிரதிநிதிகள் ஊதியங் குறையாது இப்பணிக்கு நேரம் பெறவும், இருவர் எழுதிக் கேட்பின் மூன்று திங்களுக்குள் குழு அமையவும் வகைசெய்தன.

பரிசுகளும் வாசகப் போட்டிகளும் ஊக்கமளிக்குமெனச் சிலர் கருதுவர். அவற்றாற் பெரும்பயன் விளையுமென யாம் எண்ணவில்லை. சக்கரத்தின் மேல் மூடி இல்லையென்று உரைத்த ஒருவன், அடுத்த வாரமே மூடி பொருத்தப்பட்டிருக்கக் காண்பானாயின், அடுத்த கூட்டத்திற்கு அவனை அழைக்க வேண்டுவதில்லை. செய்யவியலாதெனின் காரணத்தையேனும் எழுத்தில் அவனுக்கு அறிவித்தல் வேண்டும். அவ்வெழுத்தும் அவன் வாசிக்கும் மொழியில் இருத்தல் வேண்டும். தமிழே வழங்கும் ஆலையிற் கூட்டக்குறிப்பை ஆங்கிலத்தில் எழுதித் தொங்கவிடுதல், அதனை எழுதாமைக்கு ஒப்பாகும்.